முதல் குமிழியில் இறக்கியது

பெருமாள்மலை தாண்டி வந்த வளைவில் தனசிங் பிரேக்கை அழுத்தியபோது, மடியில் இருந்த தகர டப்பாவுக்குள் கிரீம் பை என்ற கஸ்டர்ட் பலகாரம் ஒரு தரம் குலுங்கி நின்றதை எப்சிபா உள்ளங்கையில் உணர்ந்தாள். இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். இப்போதே இளகினால் காரியம் கெட்டுவிடும். மதுரையில் தனசிங்கின் அக்கா ஹில்டா மதினியின் வீட்டில், பகல் ஒரு மணி வாக்கில், எல்லார் கண்ணும் கத்தியின் மேல் இருக்கும்போது இளகினால் போதும். "ஐஸ் பெட்டியில வச்சிருக்கலாம்ல எப்சி? மடி மரத்துப் போயிரும்" என்றார் தனசிங். "ஐஸ்ல வச்சா கிரீம் வேர்த்துரும்ங்க." "ஓ, அப்படியா" என்று அவர் நம்பினார். கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் சமையலைப் பற்றி அவள் சொன்ன எதையும் அவர் நம்பாமல் இருந்ததில்லை. குளிர்ச்சி பட்டால் கெடுவது மெதுவாகும், அதனால்தான் ஐஸ் பெட்டி கொடைக்கானல் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது என்பதை அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும். பால், சர்க்கரை, முட்டை மஞ்சள் கரு, கார்ன்ஃபிளவர் மாவு. அடுப்பில் வைத்துக் கிளறக் கிளறத் தடிக்கும். நடுவில் முதல் குமிழி ஒன்று மெல்ல எழுந்து உடையும். தெரியாதவர்கள் அதைப் பார்த்ததும் இறக்கிவிடுவார்கள். பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். சுட்ட மாவு ஓட்டில் ஊற்றினால் உறையும், மேலே கிரீம் பூசினால் தாங்கும். ஆனால் சரியாகக் கொதிக்காத மஞ்சள் கரு உள்ளே உட்கார்ந்துகொண்டு மாவைத் தின்னும் என்பார் ஐயா, அவள் அப்பா. மணிக்கணக்கில் தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது. வெட்டும்போதுதான் தெரியும். அதற்காகத்தான் முதல் குமிழிக்குப் பிறகும் கை ஓயாமல் கிளறி, மூன்று பரமண்டல ஜெபம் சொல்லி முடிக்கும்வரை கொதிக்கவிட வேண்டும். அவர் சமைத்த மிஷன் பங்களா குசினியில் வெள்ளைக்கார மிசியம்மாவிடம் கடிகாரம் இருந்தது, ஐயாவிடம் ஜெபம் இருந்தது. வேகமாகவும் சொல்லக் கூடாது, இழுத்தும் சொல்லக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சொல்லுகிற வேகம். நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் குமிழி உடைந்ததும் எப்சிபா அடுப்பை அணைத்தாள். ஒரு ஜெபமும் சொல்லவில்லை. அந்த ஜெபத்தின் நடுவில் மன்னிப்பைப் பற்றி ஒரு வரி வரும், அது வரும் இடத்துக்கு அவள் போகவே இல்லை.

போன மாசம் இரண்டு முறை சின்னக் கிண்ணத்தில் செய்து பார்த்திருந்தாள். முதலாவது பதினெட்டு மணி நேரம் தாங்கியது, இரண்டாவது இருபது. இரண்டையும் ருசி பார்த்தாள், வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை. யாருக்கும் கெடுதல் வரக் கூடாது, மானம் மட்டும் போனால் போதும். ஆனால் மலை இறங்க இறங்க வெயில் ஏறும். குளிர் மலையில் போட்ட கணக்கு வத்தலக்குண்டு வெயிலுக்கு ஒத்து வருமா? வாடிப்பட்டியிலேயே இளகிவிட்டால்? டப்பாவைத் திறந்து பார்க்கத் துடித்த விரலைப் புடவை மடிப்புக்குள் சொருகிக்கொண்டாள். மதினி போனில் பேசியது விரல் நுனிவரை அப்படியே இருக்கிறது. "எப்சிபா, என் எழுபத்தஞ்சாம் பிறந்த நாளுக்கு அந்தக் கிரீம் பை வேணும். பேரனுக்குப் பேசியிருக்கிற பொண்ணு வீட்டார் கோயம்புத்தூர்ல இருந்து வர்றாங்க. அது நான் செய்யிறதுன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. நீ கொண்டாந்து பின்வாசல் வழியா ஃபிரிட்ஜ்ல வச்சிரு, என்ன?" அந்த 'என்ன' கேள்வி இல்லை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருபது வருஷம் இருந்தவள், கேள்விக்குறி போட்டு உத்தரவு போடப் பழகியவள். "சரி மதினி" என்றாள் எப்சிபா. சொல்லும்போதே கை விரல் மடித்து ஒன்று, இரண்டு என்று மணி எண்ண ஆரம்பித்தது. பிறந்த நாள் சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்பில் வைக்க வேண்டும்.

டம் டம் பாறையில் ஊரே வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "நிறுத்தவா? பள்ளத்தாக்கு இன்னைக்குத் தெளிவாத் தெரியுது" என்றார் தனசிங். வேண்டாம் என்றாள். மதினி விசில் ஊதினால் மட்டும் வண்டி நின்ற காலம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மே மாசமும் வாடகை வேன், பதினான்கு பேர், ஆறு நாள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் மதினி, கழுத்தில் பள்ளிக்கூட விசில், மடியில் ரோடு மேப். எங்கே நிறுத்திக் கிளம்பினாலும் விசில் ஊதி ஆளுக்கு ஒரு எண் சொல்ல வைப்பாள். ஒன்று மதினியின் வீட்டுக்காரர், இரண்டு மூத்த மகன், அப்படியே வயசுப்படி, உறவுப்படி, பின்னால் வரவரச் சின்ன ஆட்கள். அடுப்பு, மண்ணெண்ணெய் டின், குக்கர், அரிசி மூட்டை எல்லாவற்றுக்கும் பின்னால் கடைசி சீட்டிலிருந்து எப்சிபா "பதினாலு!" என்று கத்த வேண்டும். மண்ணெண்ணெய் வாடை தாங்காமல் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே மூணாறு மலை முழுவதும் ஏறியிருக்கிறாள். ஒரு தரம் முன்னால் வந்து உட்காரட்டுமா என்று கேட்டபோது, "குசினிக்காரர் மகளுக்கு அடுப்புப் பக்கத்துல இருந்தாத்தாம்மா தூக்கம் வரும்" என்றாள் மதினி. வேன் முழுக்கச் சிரித்தது. தனசிங்கும் சிரித்தார். அவர் சிரித்ததைக்கூட விட்டுவிடலாம், அவருக்கு அக்கா என்ன சொன்னாலும் சிரிப்புதான். தானும் சேர்ந்து சிரித்ததை எப்சிபாவுக்கு இன்றுவரை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. மற்றவர்களுக்குக் குற்றாலம் என்றால் அருவி, அவளுக்குப் புகை வெளியே போகாத ஒரு அடுப்படி. கன்னியாகுமரி என்றால் பருப்பு வேகாத உப்புத் தண்ணீர். "அடடா, சூரியன் என்னமா எழும்புச்சு! நீயும் வந்திருக்கணும் எப்சிபா. இட்லி ஆச்சா?" என்பாள் மதினி. தரங்கம்பாடியில் கடல் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட அவளுக்கு நினைவில்லை. மீன் கழுவிய கல் நினைவிருக்கிறது.

இதெல்லாம் சில்லறை. இதற்காக யாராவது கஸ்டர்டைக் கெடுப்பார்களா? கார் வளைவு வளைவாய் இறங்க இறங்கக் காது அடைத்துத் திறந்தது, திறந்ததும் தேக்கடி நினைவில் வந்துவிட்டது, எப்போதும் இப்படித்தான் வரும். தொண்ணூற்று நாலு மே. குமுளியில் ஒரு லாட்ஜ், பின்னால் தனியாக அடுப்படி, மாடியில் நாலு அறை, கீழே மேனேஜர் மேஜை மேல் போன். வியாழக்கிழமை. அந்த வியாழக்கிழமையை அவள் மணி மணியாகப் பிரித்து வைத்திருக்கிறாள். ஏழு மணிக்குப் பூரி. எட்டரைக்குப் பாத்திரம். ஒன்பதரைக்குப் பிள்ளைகள் படகுக்குப் போயின. பத்து மணிக்குக் கீழே போன் மணி அடித்தது, அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், மதினி எழுந்து போய் எடுத்தாள். பதினோரு மணிக்கு மதினி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அடுப்படிக்கு அவள் வருகிறவளே இல்லை. "எப்சிபா, இன்னைக்கு அந்தக் கிரீம் பை பண்ணேன். பிள்ளைங்க ஆசைப்படுது. பால்காரர்ட்ட கிரீம் சொல்லியிருக்கேன்." முகத்தில் ஒன்றும் இல்லை. குரலில் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அன்பு இருந்தது, அந்த அன்பில் எப்சிபா பூரித்துப் போனாள், மடச்சி. மலைவாழைப்பழம் நறுக்கிப் பரப்பி, பால் காய்ச்சி, மூன்று ஜெபம் சொல்லி, பாட்டுப் பாடிக்கொண்டே கிரீம் அடித்தாள். பிள்ளைகள் கை தட்டின. சனிக்கிழமை மதுரை வந்து சாமான்களை இறக்கிய பிறகு, "உங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம், இப்பதான் சேதி வந்துச்சு" என்றாள் மதினி. ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் போய்ச் சேர்ந்தபோது மண்மேட்டில் பூ வாடியிருந்தது. தம்பி கோயில்பிள்ளை கல்லறைத் தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "வியாழக்கிழமை விடியக்காலம் போயிட்டாருக்கா. பத்து மணிக்கு நான்தான் லாட்ஜுக்கு போன் போட்டேன். உங்க மதினி எடுத்தாங்க. பக்குவமாச் சொல்லிக் கூட்டிட்டு வர்றோம்னாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரைக்கும் பெட்டிய மூடாம வச்சிருந்தோம்." குமுளியில் பத்தரைக்குத் தேனி பஸ். தேனியிலிருந்து வத்தலக்குண்டு. அங்கிருந்து மூன்று மணிக்கு மலை பஸ். ஆறு மணிக்கு ஐயாவின் முகத்தைப் பார்த்திருக்கலாம். அவள் கிரீம் அடித்தபோது ஐயா பெட்டிக்குள் இருந்தார், மூடி திறந்தபடி, அவளுக்காக.

ஏன் கேட்கவில்லை? கேட்டிருக்கலாம், இருபத்தொன்பது வருஷத்தில் எத்தனை கிறிஸ்துமஸ், எத்தனை கல்யாணம். கேட்டால் மதினி ஒரு காரணம் சொல்வாள். பிள்ளைகள் ஆசையாக வந்திருந்தார்கள், நீ தாங்கமாட்டாய் என்று நினைத்தேன், எது வேண்டுமானாலும். காரணம் சொல்லிவிட்டால் போதகரைக் கூப்பிடுவார்கள், ஜெபம் பண்ணுவார்கள், மன்னித்துவிடு என்பார்கள், இருவரையும் கட்டிப்பிடிக்கச் சொல்வார்கள். அதன் பிறகு அந்த வியாழக்கிழமை அவளுடையதாக இருக்காது. தனசிங்கிடம் சொல்லவில்லை, அவர் நேரே அக்காவிடம் போய் அந்தக் காரணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். கோயில்பிள்ளையிடமும் வாயைத் திறக்கக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். வத்தலக்குண்டில் காரை நிறுத்திக் காபி வாங்கி வந்தார் தனசிங். வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்தது. டப்பாவின் தகரம் சுட ஆரம்பித்திருந்தது. "நீ செய்யிறது பெரிய காரியம் எப்சி. அக்காவுக்கு உன்மேல ஒரு இது உண்டு. வெளிய காட்டமாட்டா." "இருக்கும்." "இருக்கும் இல்ல, உண்டு. பிடிக்காதவ கையால வாங்கித் திம்பாளா?" அவள் காபியைக் குடித்தாள். கத்தி இறங்குவதை நினைத்துப் பார்த்தாள். கிரீம் முதலில் ஒரு நொடி நிற்கும். பிறகு மஞ்சளாய் வழிந்து, மதினியின் லேஸ் மேஜை விரிப்பு, மதினியின் பட்டுப்புடவைக் கொசுவம், கோயம்புத்தூர்க்காரர்களின் பளபளத்த செருப்பு. "நான் செய்தது" என்று சொன்ன வாய் அப்படியே திறந்து நிற்கும். அந்த வாயை நினைத்தபோது உள்ளே ஏதோ குளிர்ந்தது. உடனே, கூப்பிடாமலே, ஐயா வந்து நின்றார். ஓட்டில் முடி அகலத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தாலும் குசினியைவிட்டுத் தட்டை வெளியே அனுப்பமாட்டார். "வெளிய போனா அது என் முகம்" என்பார். இது உங்க முகம் இல்லை ஐயா, மதினியின் முகம், அவளே அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள் என்று பதில் சொன்னாள். ஐயா உயிரோடு இருந்தபோதும் அதிகம் பேசாதவர்தான். நிலக்கோட்டை வந்தது, வாடிப்பட்டி வந்தது, சமயநல்லூரில் ரயில் ஒன்று கூடவே ஓடி வந்தது. டப்பாவை லேசாகச் சாய்த்துப் பார்த்தாள். இப்போது குலுங்கவில்லை. உள்ளே ஏதோ மெல்ல நகர்ந்து, திரும்பி வந்தது.

பின்வாசல் வழியாகக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தாள். முன்னறையில் நாற்பது பேர் இருந்தார்கள். பாட்டு முடிந்து, போதகர் ஜெபித்து, மதினி சாட்சி சொல்ல எழுந்தாள். ஸ்தோத்திரக் கூட்டம் என்றால் சாட்சி உண்டு, எழுபத்தைந்து வருஷம் கர்த்தர் நடத்தியதைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம், ஆபரேஷன், மகன்களின் வேலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், சமையலறை நிலைப்படியில் நின்ற எப்சிபாவைப் பார்த்து நிறுத்தினாள். "ஒரு சின்னப் பாவத்தையும் இன்னைக்கு அறிக்கை பண்ணிடறேன். நம்ம வீட்டு கிரீம் பை, நான் செய்யிறதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். நான் செஞ்சதே இல்ல. அது என் தம்பி பொண்டாட்டி எப்சிபா செய்யிறது. அவங்கப்பா ஆசீர்வாதம்னு பேரு, கொடைக்கானல் மிஷன் பங்களாவில குசினிக்காரர், அவர் கைப்பக்குவம். எப்சிபா, இங்க வாம்மா. நீயே வெட்டு." எல்லாரும் கை தட்டினார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய மனசு" என்றாள். தனசிங் மனைவியைப் பார்த்து, சொன்னேனே என்பதுபோலத் தலையாட்டினார். எப்சிபாவுக்குக் காது அடைத்தது, மலை இறங்கும்போது அடைப்பதுபோல. சின்னப் பாவத்தை மதினி கொடுத்துவிட்டாள். பெரியதை உள்ளேயே வைத்துக்கொண்டு, மேலே கிடந்த சின்னதை எடுத்து எல்லாருக்கும் பங்கு போட்டுக் கை தட்டும் வாங்கிக்கொண்டாள். தட்டை மேஜைக்கு யாரோ எடுத்து வந்துவிட்டார்கள். மேலே வெள்ளையாய், ஒரு கோணல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. கீழே விழுந்துவிட்டது என்று தட்டிவிடலாமா, தலை சுற்றுகிறது என்று சொல்லலாமா என்று நினைப்பதற்குள் கத்தி அவள் கையில் இருந்தது, நாற்பது பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

கிரீம் ஒரு நொடி நின்றது. பிறகு நடுவில் குழிந்தது, வெட்டிய இடத்தில் மஞ்சளாய் வழிந்து தட்டின் விளிம்பைத் தாண்டி லேஸ் விரிப்பில் ஓடியது, வாழைப்பழத் துண்டுகள் அதில் மிதந்து வந்தன. நினைத்தபடியேதான் நடந்தது, ஆள் மட்டும் மாறியிருந்தது. "ஐயோ, பரவால்ல, பாயசம் மாதிரி கிண்ணத்துல ஊத்திக்கலாம்" என்றாள் பெண்ணின் அம்மா. யாரோ ஒரு சின்னப் பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. மதினி கைக்குட்டையால் விரிப்பை ஒற்றிக்கொண்டே, உண்மையாகவே இரக்கத்தோடு சொன்னாள். "அவளைச் சொல்லிக் குத்தமில்ல. அந்தக் காலத்துக் குசினியில அளவு ஏது, கணக்கு ஏது? கண்ணால பார்த்து இறக்குற சமையல். சில சமயம் இப்படித்தான் ஆகும்." எப்சிபா கத்தியைக் கீழே வைத்தாள். "எங்க ஐயா கணக்குத் தப்பாது மதினி" என்றாள். குரல் அவளுக்கே பழக்கமில்லாத அளவுக்கு நிதானமாக இருந்தது. "கொதி வந்த பிறகு மூணு பரமண்டல ஜெபம் கொதிக்கணும். அதுதான் அவர் கணக்கு. நேத்து நான் ஒண்ணுகூடச் சொல்லல. முதல் குமிழியிலயே இறக்கிட்டேன். தெரிஞ்சுதான் இறக்கினேன். இது உங்க கையில வழியணும்னு செஞ்சது." போனைத் தூக்கிப் பிடித்தவர்கள் அப்படியே பிடித்திருந்தார்கள். "எப்சி, என்ன பேசற?" என்றார் தனசிங். இனி ஐயாவின் பெயரை இதிலிருந்து பிரித்து எடுக்க ஒரே வழிதான் இருந்தது, ஏன் செய்தாள் என்பதையும் சொல்லிவிடுவது. "தேக்கடியில நாம இருந்தப்போ, ஐயா செத்துட்டார்னு உங்க அக்காவுக்கு போன் வந்துச்சுங்க. வியாழக்கிழமை பத்து மணிக்கு. பதினோரு மணிக்கு வந்து என்னை கிரீம் பை பண்ணச் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரைக்கும் பெட்டிய எனக்காகத் திறந்து வச்சிருந்தாங்க. சனிக்கிழமைதான் உடம்பு சரியில்லன்னு சொன்னாங்க."

ஒரு காரணம் வரும் என்று எப்சிபா காத்திருந்தாள். இத்தனை வருஷமாக அவள் பயந்த அந்தக் காரணம். வந்தால் என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தாள். மதினி கைக்குட்டையை மடித்தாள், நான்காக, எட்டாக. தனசிங் அவள் எதிரில் வந்து நின்றார். அறுபத்தாறு வயசுக்காரர், பத்து வயசுப் பையன் குரலில் கேட்டார். "எக்கா, நிஜமா? வியாழக்கிழமை போன் வந்துச்சா?" மதினி நிமிர்ந்தாள். பிள்ளைகள் தேதியைத் தப்பாகச் சொன்னால் திருத்துகிற அதே குரல், அவளே நினைத்தாலும் அடக்க முடியாத குரல். "வியாழக்கிழமை வந்தது ரெண்டாவது போன் தம்பி. மொதல்ல புதன்கிழமை காலையில வந்துச்சு. ஆஸ்பத்திரியில இருந்து ஒரு நர்ஸ். அவர் இவளையே கேட்டுட்டிருக்கார், உடனே வரச் சொல்லுங்கன்னா." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்து, பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். தனசிங் ஏதோ சொன்னார், போதகர் எழுந்து வந்தார், "எல்லாரும் கொஞ்சம் ஜெபிப்போம்" என்றார். யார் சொன்னதும் எப்சிபாவின் காதில் விழவில்லை. புதன்கிழமை. அப்படியானால் ஐயா உயிரோடு இருந்தார். பேசிக்கொண்டிருந்தார். பத்தரை பஸ், மூன்று மணி பஸ், ஆறு மணிக்கு அவர் கண்ணைத் திறந்து பார்த்திருப்பார். வியாழக்கிழமையை அவ்வளவு பத்திரமாகக் காவல் காத்ததில் புதன்கிழமையை அவள் கவனிக்கவே இல்லை. காலையில் என்ன சமைத்தாள்? யாருக்குப் பரிமாறினாள்? போன் மணி அடித்தபோது எங்கே நின்றுகொண்டிருந்தாள்? கண்ணை மூடியிருந்த நாற்பது பேர் நடுவில் அவள் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மதினியின் நரைத்த வகிட்டைப் பார்த்தபடியே, அந்தப் புதன்கிழமையின் ஏழு மணியிலிருந்து தேடத் தொடங்கினாள்.